முதல் துளை சரி

7.10.2003, செவ்வாய்

காலையிலேயே வெயில். சிஞ்ச்வட் ஸ்டேஷனிலிருந்து நடந்ததில் சட்டை நனைந்துவிட்டது.

கம்பெனியில் ஒரே கூச்சல். பம்ப் மூடித் தகடு நாற்பது. நேற்று துளை போட்டவை. ஒன்றும் பம்பில் பொருந்தவில்லை. என் வரைபடம். வட்டமாக ஆறு துளை. முதல் துளை சரி. மற்ற ஐந்தும் ஒன்றரை மி.மீ. தள்ளி.

வெள்ளிக்கிழமை பார்த்தபோது சரியாக இருந்தது. (இருந்ததா? இருந்தது. பிரிண்ட் கையில் இருக்கிறது.)

ஃபைல் கடைசியாகச் சேமித்த நேரம்: சனி 11.40. அன்று இங்கே கண்டே நவமி, நமக்கு ஆயுத பூஜை. கம்பெனியில் பூஜை மட்டும்தான், யாரும் வேலை செய்யவில்லை. அப்படியானால் யார்?

அடுத்த மேசை வைசாலி. ஒப்பந்த வேலை, தீபாவளிக்குள் நிரந்தரம் ஆகவேண்டும். ரிட்டயரான பிறகும் என்னைப்போல் ஒரு கிழவன் நாற்காலியை விடவில்லையென்றால் அவளுக்கு எரிச்சல் இருக்காதா?

முதல் துளையை மட்டும் தொடாமல் விட்டிருப்பதைக் கவனி. நான் அதைத்தான் அளந்து பார்ப்பேன் என்று தெரிந்த ஆள்.

8.10, புதன்

ஸ்க்ரீனைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். பாஸ்வேர்டு மாற்றியாயிற்று. எழுதி மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்தேன்.

வைசாலிக்கு நான் காகா, சித்தப்பா மாதிரி. "க்யா காகா, பரீட்சை எழுதறீங்களா? நான் காப்பி அடிக்க மாட்டேன்." சிரித்தாள். தேவைக்கு அதிகமான சிரிப்பு.

மதியம் மேனேஜர் குல்கர்ணி கூப்பிட்டார். யார் மேல் சந்தேகம் என்றார். பெயர் சொல்லவில்லை. "பக்கத்து மேசையையும் கொஞ்சம் விசாரிக்கலாம் சார்" என்றேன். அவர் மேல் டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்தார். "அவளோட பர்மனென்ட் லெட்டர். இப்ப வேண்டாம்." கீழ் டிராயருக்குப் போயிற்று.

வீட்டில் மனைவி லலிதாவிடம் சொன்னேன்.

"அவ செஞ்சதை நீங்க பார்த்தேளா?"

"பார்க்கலை."

"அப்புறம்?"

ரசத்தில் உப்பு அதிகம்.

9.10, வியாழன்

இங்கே வியாழன்தான் வார விடுமுறை. கொத்தமல்லி, பிளேடு, தையற்காரரிடம் பேன்ட். பேன்ட்டை மறந்தேன். "அப்புறம்?" காதிலேயே நிற்கிறது.

10.10, வெள்ளி

பூஜை போட்டோக்கள் பிரிண்ட் ஆகி வந்தன. ஆளுக்கொன்று. என்னுடையதில் என் கை, மோதிரத்தோடு, மவுஸுக்குச் சந்தனம் வைக்கிறது. கட்டைவிரல் இடது பட்டனை அழுத்தியபடி. பின்னால் ஸ்க்ரீனில் தகட்டு ஸ்கெட்ச் திறந்திருக்கிறது.

நான்தான் திறந்து வைத்தேன். பூஜைக்கு வெறும் ஸ்க்ரீன் வேண்டாம், நம் வேலை ஒன்று இருக்கட்டும் என்று.

ஃபைலைத் திறந்தேன். முதல் துளை கறுப்பு, ஐந்து நீலம். இந்த சாப்ட்வேரில் அளவு கொடுத்துக் கட்டிப்போட்டது கறுப்பு, கட்டாதது நீலம். முதல் துளைக்கு எல்லா அளவும் கொடுத்தேன். மற்றவை அதன் நகல்கள்தானே, தானாக நிற்கும் என்று விட்டேன். நகல் என்றால் நீலமாகத்தான் இருக்கும்போல என்று இத்தனை நாள் நினைப்பு வேறு. டிராயிங் போர்டில் காம்பஸ் முள்ளை மையத்தில் குத்தாமல் வட்டம் வராது. இங்கே மையத்தைக் குத்தாமலே வந்துவிட்டது.

ஒரு நகலை மவுஸால் இழுத்தேன். ஐந்தும் சேர்ந்து நகர்ந்தன. முதல் துளை அசையவில்லை.

மூடும்போது சேமிக்கவா என்று கேட்டிருக்கும். நான் எப்போதும் ஆம்.

பட்டன் இடுக்கில் இன்னும் சந்தனம். குண்டூசியால் எடுத்தேன்.

துளை வட்டத்தின் மையத்தை நகராத மூலப்புள்ளியோடு சேர்த்தேன். எண்ணிக்கை 6, இடைக்கோணம் 60. எல்லாம் கறுப்பு. நான்கு தடவை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

அவளைப் பற்றிச் சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது?

11.10, சனி

குல்கர்ணி அறை வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை போட்டோவை மேசையில் வைத்தேன்.

"நல்ல பூஜை. இதுக்கென்ன?"

"அந்தக் கை என்னுடையது சார்."

முழுக்கச் சொன்னேன். நடுவில் ஒருமுறை சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. "மார்ச்சுக்கு மேல உங்களை வெச்சுக்கறது கஷ்டம்." சரி என்றேன். கீழ் டிராயரைத் திறந்தார்.

நான்கு மணிக்கு வைசாலி, நிரந்தரமானதற்கு இனிப்பு, பேடா டப்பாவோடு. "காகா, முதல்ல உங்களுக்கு." அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. பேடாவைக் காகிதத்தில் மடித்து வைத்தேன்.

"பரீட்சை முடிஞ்சுதா? ஸ்க்ரீனை இந்தப் பக்கம் திருப்பலாமே."

திருப்பினேன். "உட்காரும்மா வைசாலி" என்றேன். "ஒண்ணு சொல்லணும்."