காளான் கொட்டகையில் தெளித்த தண்ணீர்

ராயக்கோட்டை,
ஆவணி 12

சௌபாக்கியவதி பொற்கொடிக்கு ஆயா லட்சுமியம்மாள் எழுதுவது. இங்கே மாடும் கன்றும் சுகம். சாத்தூரில் நீயும் உன் அம்மாவும் சுகமாக இருக்கவேண்டும். என் பேரன், உன் புருஷன் ஹரீஷ் போன் செய்தால் நீ எடுப்பதில்லையாம், அதனால் கடிதம். ஐந்தாவது வரை படித்த கை. இதை இன்னொருவரை விட்டு எழுதச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஹரீஷ் மறுபடியும் ஓசூர் கம்பெனிக்கே போகிறான். காளானுக்கு வாங்கிய பிரிட்ஜில் இப்போது தண்ணீர் பாட்டில்தான் இருக்கிறது. மெஸ்காரர் வழியில் நிறுத்தி, "அந்தப் பொண்ணு குடுத்த மாதிரி சிப்பிக் காளான் யாரும் குடுக்கறதில்லம்மா" என்றார். காலையில் பறித்ததை மதியத்துக்குள் சேர்க்க, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவாய். விற்காமல் மீந்தால் மூன்று வேளையும் நமக்கு அதுதான். அன்றைக்கும் சிரிப்பாய். இரண்டு பேரும் கம்பெனி வேலையை விட்டு, உன் கம்மலை அடகு வைத்துப் போட்ட கொட்டகை அல்லவா?

இனி சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆடி முதல் வெள்ளி, பக்கத்து வீட்டுச் சென்னம்மா கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, "அடேயப்பா, பையெல்லாம் மல்லிப்பூவாட்டம் பூத்திருக்குதே!" என்றாள். கண் பட்டுவிட்டதென்று பயந்தேன். நீ மெஸ்ஸுக்குப் போயிருந்தாய். டெட்டால் தண்ணீரில் கைகால் கழுவாமல் யாரும் உள்ளே போகக்கூடாது என்பாய். சாணித் தண்ணீரைவிடச் சுத்தம் எது என்று நினைத்தேன். நிலைப்படியில் தெளித்தேன். உள்ளே போய் வைக்கோல் பைகள் மேலும் தெளித்தேன்.

பத்தாம் நாள் எல்லாப் பையிலும் பச்சைப் பூசணம். ஹரீஷ் உன்னைத்தான் பிடித்தான். "கை கழுவாமத்தான உள்ள போன? உன்னாலதான் எல்லாம் போச்சு." "கழுவிட்டுத்தான் போனேன்" என்று நீ ஒரே தடவை சொன்னாய். நான் அடுப்படியில் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். கடைவதை நிறுத்தவில்லை.

நீ துணிப்பையோடு புறப்பட்ட காலையில், நிலைப்படியில் காய்ந்திருந்த சாணியைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாய்.

நேற்று ஹரீஷிடம் எல்லாம் சொன்னேன். சாப்பாட்டில் கை வைத்தவன் அப்படியே எழுந்துவிட்டான். உன் முன்னால் வந்து நிற்க அவனுக்கு முகம் இல்லையாம். எனக்கும்தான் இல்லை.

இந்த வீட்டில் நான் யாரிடமும் தலை குனிந்ததில்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம். கொட்டகைச் சாவியை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. நீ வந்து கைகால் கழுவச் சொன்னால் கழுவுகிறேன், வெளியே நில் என்றால் நிற்கிறேன்.

மஞ்சள் குங்குமத்தோடு நீ நன்றாக இரு, தாயே.

ஆயா
லட்சுமியம்மாள்