கறி சுடப் போன ஃபிளாஷ் தாங்கி

சுல்மீராவுக்கு,

உன் தம்பி ஜெர்வாசியோ என்னைக் கேட்காமல் லென்ஸுக்கு மேலே ஃபிளாஷை உயர்த்திப் பிடிக்கும் என் நீளத் தாங்கியை எடுத்து, கறி சுடும் கம்பிகளைச் சாய்த்துவைக்கப் பயன்படுத்தியது அநியாயம். நீ பார்த்துக்கொண்டு நின்றது அதைவிட அநியாயம். உன் முட்டிவலி தேவலையா? நான் நலம்.

வேறொன்று வாங்க கொரும்பா நகரத்துக்குப் போனேன். கடைப்பெண் கேமராவிலேயே மாட்டும் குட்டையான தாங்கியைக் காட்டினாள்.

"லேசா இருக்கு தாத்தா, கழுத்து வலிக்காது."

"கழுத்து என்னோடது. கண்ணு ஜாகுவாரோடதும்மா!"

வேறு இல்லை, வாங்கினேன். ஃபிளாஷ் நீள லென்ஸை ஒட்டியே நிற்பதால் ஒளி நேராகக் கண்ணில் பட்டுத் திரும்புகிறது. அந்தியில் எடுத்த படங்களிலெல்லாம் ஜாகுவாருக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பொத்தான்கள். கேமராவைச் சாய்த்தபோது தாங்கி நழுவி, ஃபிளாஷ் என் நெற்றியில் விழுந்தது. வீக்கம்தான், தையல் இல்லை.

"அனீசியு ஐயா, அடுத்த வாரமும் இப்படின்னா நீங்க படகு கழுவுங்க. படம் வேற ஆள் எடுக்கட்டும்" என்கிறார் விடுதி முதலாளி. நான் படகு கழுவமாட்டேன்.

குளிர்ந்த நீரில் ஊறவைக்கும் தெரேரே இலை இனி அனுப்பாதே. சுற்றி உட்கார்ந்து குடிக்க ஆளில்லாமல் பொட்டலம் அப்படியே கிடக்கிறது.

தபால் படகு கிளம்புகிறது. ஜெர்வாசியோ கொழுப்புப் போகத் தாங்கியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வளைந்திருந்தால் அவன் செலவில் நிமிர்த்த வேண்டும். லென்ஸின் அடியில் நீட்டியிருக்கும் காலில் அதை இறுக்கும் திருகை நீ தேடி எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைப் படகில் யாரிடமும் கொடுத்தனுப்பக் கூடாது. நீயே கொண்டு வர வேண்டும்.

அனீசியு