பஸ்ஸை நிறுத்தியது யார், சுலைமான் அண்ணா?

அன்புள்ள சுலைமான் அண்ணனுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நம் பஸ்ஸில் இப்போது வேறு கண்டக்டர். நல்ல மனுசன்தான், ஆனால் டிக்கெட் கிழிப்பதோடு சரி. மலையேறும் வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நின்று விதியையும் படைப்பையும் பேசிக்கொண்டு வர அவருக்குத் தெரியாது.

"எல்லாம் எழுதி வச்சதுன்னா நான் எதுக்குங்க பிரேக்க மிதிக்கோணும்?" என்று ஒருமுறை கேட்டேனே, ஞாபகமிருக்கிறதா? "நீ மிதிக்கறதும் எழுதுனதுதான் சாமி, மொதல்ல மிதி!" என்று அலறினீர்கள். எதிரே லாரி.

அப்புறம் டீக்கடையில், உங்கள் ஞானகுரு ஷெய்கு சொன்னதாகப் பொறுமையாக விளக்கினீர்கள். தன்னை அறிய யாராவது வேண்டும் என்ற அன்பினால்தான் இறைவன் படைத்தானாம். அதற்கு முன்பே ஒவ்வொன்றும் தான் என்னவாக வேண்டும் என்று வாயில்லாமல் கேட்டதாம். அவன் "ஆகு" என்றானாம். "அதனால அவன் எழுதுனது நீ கேட்டதத்தான். என்ன எழுதியிருக்குன்னு செஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

எனக்குப் பாதிதான் புரிந்தது. ஊட்டுக்குப் போய் மகள் மலரிடம் சொன்னேன். அவளுக்கு முழுதும் புரிந்துவிட்டது. வினையே அங்கேதான்.

இந்தச் சித்திரையில் அவளுக்கு ராசிபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. "ஜாதகத்துல எழுதியிருக்குது கண்ணு" என்றேன். "நான் வேண்டாங்கறதும் எழுதியிருக்குதுங்கப்பா. சுலைமான் பெரியப்பா சொன்னாருல்ல?" என்றாள். நர்ஸிங் படிக்க வேண்டுமாம். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் என் பஸ்ஸிலேயே ஏறினார்கள். மாப்பிள்ளையின் அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை இறுக மூடியிருந்தார். எனக்கு மலரின் முகம் கண்ணிலேயே நின்றது. எட்டாவது வளைவு தாண்டியதும் பஸ் நின்றது. நான் நிறுத்தினேனா, கால் தானாக மிதித்ததா, சத்தியமாகத் தெரியவில்லை.

இறங்கி, மாப்பிள்ளையின் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டேன். "மன்னிச்சுக்கோங்க. புள்ளைக்கு இஷ்டமில்லீங்க. நான்தான் மறைச்சுப்போட்டேன்." அவருக்கு மீசை துடித்தது. "இத ராசிபுரத்துலயே சொல்றதுக்கென்ன?"

அந்த அம்மா ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏனுங்க, அவர வையாதீங்க. மூணாவது வளைவுலயே நான் சாமிய வேண்டிக்கிட்டேன், இந்தச் சம்பந்தம் தட்டிப்போகட்டும்னு. பேரனப் பாக்க இந்த ரோட்டுல எத்தன தடவ வாரது?"

பஸ்ஸே சிரித்தது. கீழே போகிற பஸ்ஸை மறித்து அவர்களை ஏற்றிவிட்டேன்.

இப்போது சொல்லுங்கள் அண்ணா. நிறுத்தியது என் காலா, மலரின் பிடிவாதமா, அந்த அம்மாவின் வயிறா? எல்லாம் ஒருவன் எழுதியதென்றால், அவனுக்கு இத்தனை குறும்பா?

மலர் நர்ஸிங் சேர்ந்துவிட்டாள். ஊசி போட்டுப் பழக ஆள் வேண்டுமாம். லீவுக்கு வரும்போது நான் கையை நீட்ட வேண்டுமாம். விதி என்று சொல்லிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட மாட்டேன். இரண்டு கையையும் நானாகவே நீட்டுவேன். இது உங்கள் மேல் ஆணை.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
டிரைவர் சின்னையன்,
தேவனூர் நாடு