செங்காரியின் மூச்சு

பழுகாமம்,
09.07.2025

அன்புள்ள மகள் மேனுகாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. களுதாவளைப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடித் திரிகிறோம்; நீயும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். கிழமைக்கு நாலு தடவை போனில் முகம் பார்க்கிற தாய்க்குக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன், மூன்று தடவையும் நீ சிரித்துக்கொண்டு வந்தாய், என்னால் முடியவில்லை. திருவிழாவுக்கு வந்த பெரியகல்லாற்று உதயரூபன் வெள்ளிக்கிழமை திரும்பிப் போகிறார், நீ இருக்கிற இடம்தான் அவருக்கும், அவர் கையில் இந்தக் கடிதத்தையும் உன் பேராசிரியர் கேட்ட, நான் போனில் படமெடுத்து அனுப்பிவந்த மாட்டுக் கணக்கின் அசல் கொப்பிகளையும் கொடுத்துவிடுகிறேன். கொப்பியைத் திறக்க முன் கடிதத்தை முழுக்க வாசி. பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு வாசிக்காதே, சாப்பிட்டுவிட்டு ஓரிடத்தில் இருந்து வாசி.

இங்கே கச்சான் காற்று தொடங்கி ஒரு மாதமாகிறது. வாய்க்குள்ளும் மண், சோற்றுக்குள்ளும் மண். வாவிப் பக்கம் தண்ணீர் இறங்கிச் சேறு வெடித்துக் கிடக்கிறது, வட்டையில் சிறுபோக வேளாண்மை இன்னும் வெட்டவில்லை, அதனால் மாடுகளை வயலுக்குள் விட வழியில்லாமல் மேட்டுக் காணியிலேயே வைத்துக் காக்கிறோம். அப்பாவுக்குப் போன கிளினிக்கில் பிரஷர் குளிசையைக் கூட்டியிருக்கிறார்கள். வெயிலில் நிற்கவேண்டாம் என்று டொக்டர் சொன்னதற்கு ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்து, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே பட்டிக்குப் போன மனுசன் அவர். எனக்கு வலது முழங்கால் மடங்கமாட்டேன் என்கிறது, மாட்டுக்குப் பின்னால் குந்திக் குந்தி வந்த வினை. களைத்துப்போனேன் மகள். வேலையால் மட்டுமில்லை, எல்லாம் சேர்ந்துதான்.

நீ ஒப்படைத்துவிட்டுப் போன வேலையை நான் ஒரு நாளும் தவறவிடவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு தடவை, பன்னிரண்டு பசுவுக்கும். வெப்பமானியில் தேங்காயெண்ணெய் பூசிப் பின்பக்கம் வைத்து, நூலை வாலில் கட்டிவிட்டு, அது சூட்டைக் காட்டும் வரைக்கும் விலாவைப் பார்த்து நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறேன். உதை வாங்கியிருக்கிறேன், சாணத்தால் குளித்திருக்கிறேன். நல்ல மனுசர் சோற்றுக் கோப்பையோடு இருக்கிற நேரத்தில் நான் மாட்டின் வயிற்றைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு நிற்பேன், றோட்டால் போகிறவர்கள் நல்லரத்தினத்தின் பெண்சாதிக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று சிரித்துக்கொண்டு போவார்கள். உங்கள் மிருக வைத்தியக் கல்லூரியின் உடற்றொழிலியல் பகுதியில் இது பெரிய ஆராய்ச்சி, வெக்கைக்குள் மாட்டின் உடம்பு என்ன செய்து தப்புகிறது என்று கண்டுபிடித்தால் வயலில் வெயிலுக்குள் நிற்கிற மனுசரின் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பாற்ற நாளைக்கு ஒரு வழி தெரியும் என்று நீ சொன்னாய். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை உதையும் வாங்கினேன். நான் அப்பாவைத்தான் நினைத்தேன்.

போன மாதம் நீ போனில் குதித்தது இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது. பன்னிரண்டில் மூன்று பசு போன வருடக் கோடையில் மத்தியானத்தில் எண்பதுக்கு மேல் மூச்சு வாங்கியவை, இந்த வருடம் அதே வெக்கையில் ஐம்பதைத் தாண்டவில்லை, உடம்புச் சூடும் ஏறவில்லை, ஒரே வருடத்தில் பழகிவிட்டன, இப்படி ஒருவரும் கண்டதில்லை என்றாய். அதிலும் செங்காரிதான் முதல் என்றாய். புரட்டாதியில் நடக்கிற பெரிய கூட்டத்தில் நீயே இதைப் பேசு என்று பேராசிரியர் சொன்னாராம், அடுத்த ஆராய்ச்சியையே இந்த மூன்று பசுவையும் வைத்துத்தான் தொடங்கப்போகிறார்களாம், உன் பட்டமும் அதோடுதானாம். அம்மா, செங்காரிக்கு நான் கொஞ்சினதாச் சொல்லுங்க என்று சொல்லிப் போனை வைத்தாய். நானும் ஓம் என்றேன். அந்த நேரம் இதில் ஒரு பிழை இருப்பதே எனக்கு விளங்கவில்லை, இதை நீ நம்ப வேண்டும். நெஞ்சுக்குள் ஒன்று இடித்ததுதான், ஆனால் அது வேறு காரணத்துக்கு. அதையும் சொல்லுகிறேன்.

பிழையைக் காட்டித் தந்தவர் றம்ஸீன், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து உனக்காக மாடுகளில் இரத்தம் எடுத்து அனுப்புகிற அந்த ஏறாவூர்த் தம்பி. வழக்கமாக நான் பெயரைச் சொல்லுவேன், அவர் போத்தலில் எழுதுவார், மாட்டின் முகத்தை யார் பார்த்தார்கள். போன செவ்வாய்க்கிழமை வந்தபோது போன வருடத் தொடக்கத்தில் பார்த்தது போல இந்தத் தடவையும் வயது எழுத வேண்டும் என்று ஒவ்வொன்றின் வாயையும் திறந்து கீழ்ப்பல்லைப் பார்த்தார். செங்காரியின் வாயைத் திறந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னக்கா இது, போன வருசம் எட்டுப் பல்லும் தேஞ்ச கிழவி இப்ப ஆறு பல்லோட கொமரா நிக்கிறா, என்ன மருந்து குடுக்கிறீங்க, எனக்கும் கொஞ்சம் தாங்க என்றார். அப்பாவும் சிரித்து, இது பழைய செங்காரிட மகள் தம்பி, தாய் மாரிக்குள்ள போயிட்டு என்று சாதாரணமாகச் சொன்னார். றம்ஸீன் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையிலிருந்த கொப்பியை வாங்கிப் புரட்டினார். மாடு மாறினதா இதில ஒரு இடத்திலயும் இல்லியேக்கா, புள்ள ரெண்டையும் ஒண்ணெண்டுதானே நெனச்சிரிக்கும் என்றார். அப்போதுதான் எனக்கு மண்டைக்குள் ஏறியது. பால் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்துவிட்டேன்.

எங்கள் பட்டி வழக்கம் உனக்குத் தெரியாததா. தாய்ப் பசு போனால் அதன் கழுத்து மணியை மகளுக்குக் கட்டி, தாயின் பெயரையே வைத்துவிடுவோம். நான் கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பட்டியில் ஒரு செங்காரி இல்லாமல் இருந்ததில்லை. கோயிலுக்குப் பால் கேட்டு வருகிறவர்களும் செங்காரிப் பால் என்றுதான் கேட்பார்கள், எந்தச் செங்காரி என்று ஒருவரும் கேட்டதில்லை. நீ காதில் குத்திவிட்டுப் போன மஞ்சள் இலக்கத் தகடுகள் ஈச்சம்பற்றைக்குள் பிய்ந்து விழுகின்றன என்று நான் சொன்னபோது, பரவாயில்லை அம்மா, பெயரை எழுதுங்க, அது விழாதுதானே என்றாய். நான் பெயரை எழுதினேன். நீயும் இந்தப் பட்டிக்குள் வளர்ந்தவள், உனக்கும் அது ஞாபகம் வரவில்லை. குற்றம் சொல்லவில்லை, இரண்டு பேரும் சேர்ந்துதான் மறந்தோம்.

ஆனால் ஒன்றை நான் மறக்கவில்லை, மறைத்தேன். போன கார்த்திகை வெள்ளத்தில் செங்காரி நாலு நாள் வயிற்றளவு தண்ணீருக்குள் நின்றது. மேட்டுக்கு ஏற்றிய பிறகு நெஞ்சில் சளி கட்டி, ஊசி போட்டும் தேறாமல், ஆறாம் நாள் மத்தியானம் என் கண்ணுக்கு முன்னால் போய்விட்டது. அந்தக் கிழமைதான் உனக்கு அங்கே பெரிய சோதனை. தாயில்லாக் கன்றாக இருந்த அதற்கு ஏ.எல். படிக்கிற காலத்தில் போத்தலில் பால் பருக்கி வளர்த்தவள் நீ, அதன் கழுத்தில் தாயின் மணியைக் கட்டியவளும் நீ. சோதினை முடியட்டும் புள்ள, மறுகா சொல்லுவம், இப்ப சொன்னா அது படிக்காம அழுதுகிட்டுக் கிடக்கும் என்றார் அப்பா. செங்காரிக்குச் சளி, தனியே கட்டியிருக்கிறோம் என்று உனக்குச் சொல்லி அதன் வரியை வெறுமையாக விட்டுவந்தேன். சோதனை முடிந்தது, பொங்கல் வந்தது, செங்காரியின் மகள் முதல் கன்று போட்டது, அப்பா மணியைக் கட்டினார், பட்டியில் மறுபடியும் ஒரு செங்காரி நின்றது. இனி என்னத்தைச் சொல்ல என்று நானே என்னை ஏமாற்றிக்கொண்டேன். நீ கொஞ்சச் சொன்னபோது நெஞ்சில் இடித்தது அதுதான்.

மற்ற இரண்டு, மறைச்சியும் சுட்டியும்கூட அப்படித்தான். மறைச்சி கிழடாகிவிட்டது என்று தையில் விற்றோம், சுட்டியைப் பாம்பு தீண்டிவிட்டது. இரண்டின் மகள்களும் அந்த மணிகளோடு, அந்தப் பெயர்களோடு நிற்கின்றன. ஆக உன் மூன்று பசுவும் வெக்கைக்குப் பழகவில்லை மகள். அவை இளசுகள், அவ்வளவுதான். இதை எழுத என் கை கூசுகிறது. நீ பட்ட பாட்டையும் உன் சந்தோசத்தையும் பெற்ற தாயே கெடுக்கிறேன்.

மாடு மாடுதானே, ஆருக்குத் தெரியப்போகுது, பிள்ளைட படிப்பக் குழப்பாத என்று அப்பா முதலில் சத்தம் போட்டார். பொய் சொல்லமாட்டேன், நானும் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். றம்ஸீன் போகும்போது, நான் அறிக்கையில பல்ல எழுதத்தான் வேணும், அது போய்ச் சேர முந்தி நீங்க சொல்லிருங்கக்கா, தாய் சொல்றது வேற என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் நான் எழும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா பட்டிக்குள் தலை சுற்றி விழப் பார்த்தார். கொண்டுவந்து கிடத்தித் தண்ணீர் பருக்கி, குளிசையை எடுத்துக் கொடுக்கும்போது யோசித்தேன், இந்தக் குளிசையை இவ்வளவு குடி என்று எழுதித் தருகிறவரும் எங்கேயோ யாரோ எண்ணி எழுதிய ஒரு கொப்பியை நம்பித்தானே தருகிறார். அந்தக் கொப்பியை எழுதியவளும் என்னைப் போல ஒருத்தியாக இருந்தால் இந்த மனுசனின் கதி என்ன. அப்பாவிடம் அதைச் சொன்னேன். கிடந்தவர் எழும்பி இருந்து, கொப்பிய எடுத்துக்கு வா என்றார்.

இரண்டு பேரும் இருந்து எல்லாப் பக்கமும் பார்த்தோம். மணி மாறிய நாட்களை அவர் சொன்னார், அன்றிலிருந்து அந்த மூன்று பெயரும் வருகிற ஒவ்வொரு வரியிலும் நான் சிவப்புப் பேனையால் மகள் என்று எழுதினேன். மற்ற ஒன்பதும் நீ விட்டுப்போன அதே மாடுகள், கண்ணகை அம்மன் மேல் சத்தியம். முழுக்க வீண் போகாது என்றால் எனக்கு ஆறுதல், வீண்தான் என்றாலும் நீ மறைக்காதே. கூட்டத்துக்கு முன்னமே பேராசிரியரிடம் போய் அம்மா பிழை விட்டுட்டா என்று சொல். வெட்கம் எனக்கு, உனக்கில்லை. என் மேல் கோபம் வந்தால் போன் எடுத்து ஏசு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, அதை நான் தாங்கமாட்டேன். மூன்று மணியையும் கழற்றிவிட்டோம். இளசுகளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, அப்பா வாய் தவறிச் செங்காரி என்கிறார், அது திரும்பிப் பார்க்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, குளிருக்குள் ஈரத் தலையோடு திரியாதே. உதயரூபனுக்கு ஒரு வேளைச் சோறு போட்டு அனுப்பு, கொப்பிகளின் பாரம் தெரிந்தும் மறுபேச்சுப் பேசாமல் கொண்டுவர ஒத்துக்கொண்டவர். பிள்ளையாரும் அம்மனும் உன்னைக் கைவிடாமல் நடத்தட்டும். நீ நல்லாயிருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

கடைசியாக ஒன்று. இரண்டாவது கொப்பியில் கார்த்திகை மாதத்தில் ஒரு தாள் இல்லை. வெள்ளத்தால் அந்த நாட்கள் எடுக்கவில்லை என்று உனக்குச் சொன்னது பொய். நீ கண்டுவிடக் கூடாது என்று நான்தான் கிழித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதை இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். செங்காரி கிடந்த ஆறு நாளும் அதில் இருக்கிறது. கடைசி நாளும் ஒரு மணிக்கு அதன் பக்கத்தில் இருந்து எண்ணினேன் மகள், அதன் தலை என் மடியில் இருந்தது. முதல் நிமிடம் முப்பத்தெட்டு, பிறகு பத்தொன்பது, பிறகு ஏழு. அதற்குப் பிறகு எழுதவில்லை. அந்தத் தாளை அது இருந்த இடத்தில் ஒட்டிவிடு.

உன் அன்பு அம்மா,
ந. சுலோஜனா