பிரேக் குடித்த ஜெனெவர்

ரோசெட்,

அலமாரியில் இருந்த ஜெனெவர் சாராயத்தில் ஒரு சொட்டுகூட என் தொண்டையில் இறங்கவில்லை. அரை பாட்டிலையும் சைக்கிள் பிரேக்தான் குடித்தது!

சிரிக்காதே. கம்பி இழுக்கும் பிரேக் வேண்டாமென்று, எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கை என் பந்தய சைக்கிளில் நானே பூட்டினேன். மாட்டிறைச்சி வதக்கிய வெண்ணெய்க் கையால் அதன் தட்டைத் தொட்டுத் தொலைத்தேன். பிரேக் போட்ட கூச்சலில் மூன்று ஊர்ப் பசுக்கள் பால் தர மறுத்துவிட்டன. சாராயத்தால் துடைத்து, இருபது முறை ஓட்டி நிறுத்திய பிறகுதான் வாயை மூடியது.

"மழையில நிக்காத வண்டியோட ஞாயித்துக்கிழமை கல்லுச் சாலை இறக்கத்துக்குப் போனா வீட்டுப் பக்கமே வராதே" என்றாயே. இப்போது போகலாமா? நீயே ஓட்டிப் பார்.

இறைச்சி அடுப்பில் இருக்கிறது. உருளைக்கிழங்கை மட்டும் பொரித்துக்கொள்.

வில்ஃப்ரீட்

பி.கு.: சீட்டை உன் உயரத்துக்கு இறக்கிவிட்டேன். முன் பிரேக்கை மெதுவாக அழுத்து. இல்லாவிட்டால் பக்கத்து ஊரில் போய் விழுவாய்.

(அடியில், ரோசெட்டின் கையெழுத்தில்)

அட கிழவா, கொட்டுற மழையில தேவாலய இறக்கத்துல வந்தேன். பாதிரியாருக்கு ஒரு சாண் முன்னால நின்னுச்சு. துடைச்ச துணியையும் மோந்து பார்த்தேன். ஞாயித்துக்கிழமை போயிட்டு வா. ஒத்துக்கறேன், பிரேக்தான் குடிச்சிருக்கு.