கடைசிக் கட்டத்தில் ‘லேது’

மாப்பிள்ளை,

இதெல்லாம் இப்படித்தான் வரும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். மருதம்பட்டை இதயத்துக்கு ஆகுமா என்று ஒருநாள் திருப்பதி காலேஜில் ஆராய்ச்சி பண்ணுவார்கள் என்று, அந்தக் காலேஜுக்கு அஸ்திவாரம் தோண்டும் முன்பே சொன்ன ஆள் நான். நகரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்று காலை தங்கச்சி உன் பச்சை அட்டை நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். விரித்ததும் பட்டைத்தூள் வாசனை வந்தது.

அந்த ஆராய்ச்சியில் உன்னைச் சேர்த்துவிட்டது நான்தான். உனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும், நோட்டோ தெலுங்கு. நான் தெலுங்கில் எட்டாவது வரை, சரி, ஆறாவது வரை படித்தவன் என்பதால் எழுதுகிற வேலை எனக்கு. தினமும் டாக்டர் கொடுத்த மாத்திரை, அதோடு பட்டைத்தூள், அரை மணி நடை. எவ்வளவு தூரம் நடந்தாய் என்று ஒரு கட்டம். மார்வலி வந்ததா என்று கடைசிக் கட்டம். வலி வந்தால் அன்றைக்கே கிளம்பி வந்துவிட வேண்டும் என்றார் ஆராய்ச்சியை நடத்தின டாக்டரம்மா. “உன்னதி உன்னட்டு ராயண்டி,” என்றார். உள்ளதை உள்ளபடி எழுதணுமாம். நீ என்னைக் காட்டி, “இவரு கையிலயா குடுக்கறீங்க?” என்று சிரித்தாய்.

நாம் ரயில்வே கேட் வரை நடந்து டீக்கடையில் உட்கார்ந்துவிடுவோம். மூக்கு மலை அடிவாரம் வரை போனதாக நான் எழுதுவேன். சலூனில் அதையும் மிஞ்சி, என் வைத்தியத்தால் மாப்பிள்ளை மலை உச்சிக்கே ஓடுகிறார் என்று சொல்லி வைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நீ டீயைத் தொடவில்லை.

“மச்சான், நடக்கச்சொல்ல மாரைப் புடிச்சிக்கினு அழுத்துது. நேத்தும் அப்டித்தான். எழுதிக்கோ.”

“மூணு வடை துன்னா அழுத்தாம என்னா பண்ணும்?” என்றேன்.

நீயும் சிரித்தாய். ஆனாலும் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினாய். பிறகு, எழுதியாயிற்றா என்று கேட்டாய். எழுதிவிட்டேன் என்றேன். அடுத்த வாரம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன இடத்தில் விழுந்தாய்.

நேற்று உன் மகள் அந்த நோட்டை அவள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். “தெனமும் லேது, லேதுன்னுதான் இருக்குது அண்ணா,” என்றாள் தங்கச்சி. “வலி இல்ல, இல்லன்னே எழுதியிருக்குது. நோவு தெரியாமயே போயிட்டாரு. எனக்கு அது போதும்.” நான் தலையை ஆட்டினேன்.

நோட்டைக் காலேஜில் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறாள். நாளை முதல் பஸ்ஸில் போகிறேன். தூள் குடித்த ஆளுக்கு வலியே வரவில்லை என்று அவர்கள் நம்பிவிடக் கூடாது. டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுவேன். திரும்பி வந்து தங்கச்சி முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அதனால் முதலில் உன்னிடம் சொல்கிறேன்.

மூக்கு மலை போகட்டும் மாப்பிள்ளை, அது என் வழக்கமான அளப்பு. வலி என்று எழுதினால் சலூனில் என் பேச்சு என்ன ஆகும் என்று பார்த்தேன். நீ விரல் வைத்த கட்டத்தில், உன் விரல் விலகும் வரை காத்திருந்து, ‘லேது’ என்று எழுதியது நான்தான்.