பாயின் நிழற்புறத்து வெளிச்சம்

அலையும் வணங்கும் கொடியுடையவர், ஆழிக்குன்ற நாட்டை ஆளும் மாறவேள் மன்னரின் திருவாய்மொழி ஏற்று, மூத்த அமைச்சர் பெருஞ்சாத்தன் சங்குமுனைத் துறைக்காவலர் பொறையனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையின் விளக்கு அணையாதிருப்பதாக. போன கலங்கள் கரை சேர்வதாக.

மீகாமன் எயினனைக் கல் கட்டிக் கடலில் இறக்குமாறு அரசவை விதித்த தண்டனை நாளை மறுநாள் காலையில் நிறைவேற உள்ளதைத் தாங்கள் அறிவீர்கள். அவன் செலுத்திய 'அன்னப்பேடை' என்னும் கலம் அவன் செருக்கால் மூழ்கி நாற்பத்தொரு பேர் மாண்டனர் என்பது குற்றம். கலங்களுக்குப் பாய் தைக்கும் தத்தன் புதியது என்று சொல்லிக் கொடுத்த பாய் நைந்தது, முதற்காற்றிலேயே கிழிந்தது என்று, தனியொருவனாய்க் கரை ஒதுங்கிய எயினன் மன்றாடினான். தத்தனோ அரண்மனைச் சுவரிலிருந்த அக்கலத்தின் பலகை ஓவியத்தைக் காட்டி, "தையல் நூலைக்கூட விடாமல் எழுதுபவர் நம் ஓவியர். அவர் கண்ணுக்குத் தப்பிய நைவு உனக்கு மட்டும் நடுக்கடலில் தெரிந்ததோ?" என்று எள்ளினான். அவை சிரித்தது. எயினன் ஓவியர் நன்னாகனார் பக்கம் திரும்பி, "கரையில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தீரே ஐயா, நீர் சொல்லும்" என்றான். நன்னாகனார் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

அரசக் கொடியோடு புறப்படும் ஒவ்வொரு கலத்தையும் எழுதுவது அவர் பணி. ஞாயிறு பாய்க்குப் பின்னே நிற்கும் வேளையில் நிழற்புறமாக அமர்ந்து, துணியில் ஒளி எங்கே ஊறுகிறது, எங்கே தடுக்கப்படுகிறது என்று பார்த்த பின்பே தூரிகையைத் தொடுவார். அன்று பாயின் கருமை நடுவே உள்ளங்கை அளவு வெளிச்சம் பழுத்த மஞ்சளாய்க் கசிந்தது. துணி அங்கே மெலிந்திருக்கிறது என்று அவர் எண்ணவில்லை. படத்துக்கு மாசு என்றே எண்ணினார். கண்டபடி மஞ்சள் தீட்டியவர், மன்னர் பார்வைக்குப் போவதாயிற்றே என்று அதன்மேல் கருமை பூசினார்.

தீர்ப்பு நாள் முதல் அவர் எழுதும் எந்தப் பாயிலும் நிழல் நிற்பதில்லை. எத்தனை முறை மை பூசினாலும் அதே இடத்தில் வெளிச்சம் எழுகிறது. மனைவியை அழைத்துக் காட்டினார். அவளோ கருமையன்றி வேறொன்றும் காணவில்லை. உண்ணும் தட்டிலும் மூடிய கண்ணுக்குள்ளும் அது இருந்தது. நேற்று அதற்குள் ஆட்கள் நிற்கக் கண்டாராம். நாற்பத்தொன்று வரை எண்ணியும் நிறுத்த முடியவில்லை. நாற்பத்திரண்டாவதாக நின்றவன் எயினன்.

இன்று காலை அவர் அவைக்கு வந்து, யாரையும் கேளாமல் பலகையை இறக்கிக் கிளிஞ்சலால் சுரண்டியவாறே இவை யாவும் சொன்னார். கருமையின் கீழ் மஞ்சள் வெளிப்பட்டது. தத்தனைச் சிறையிட்டோம்.

ஆகவே இவ்வோலை கண்ட கணமே எயினனின் கட்டு அவிழ்க்கப்படுவதாக. ஓலையோடு நன்னாகனாரும் குதிரையில் வருகிறார். எயினன் உயிரோடிருந்தால், தாம் செய்ததை அவன் முகத்துக்கு நேரே அவர் சொல்ல வேண்டும்; ஓலை பிந்தியிருந்தால், அவன் மனைவியின் வாசலில் நின்று சொல்ல வேண்டும். இரண்டில் எதுவாயினும் அவர் குரல் தெருக்கோடி வரை கேட்கச் செய்வது தங்கள் கடமை. இது அரசாணை.

சுறா முத்திரை பதித்தோம். அரக்கு இறுகும் வரை காத்திராமல் விடுக்கிறோம்.